பாய் விரித்துச் செய்யும் பயிற்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

14 வருடமாகத் தரையில் உருண்டு புரண்டுகொண்டிருக்கிறேன். அதில் கடைசி 6 வருடம் மற்றவர்களுக்கும் சொல்லித்தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பதில் முக்கால்வாசி திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் வகுப்பில் நான் பேசுவது குறையும் என்ற சுயநலத்தில் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் வந்தால் சொல்லிவிடுகிறேன்.

யோகா, பிலாட்டீஸ், தை சி, ஃபெல்டன்கிரைஸ், அலெக்சாண்டர் டெக்னிக் என்று எத்தனையோ பெயர்கள். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, ஆனால் முகச்சாயல் உண்டு. ஓடும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று கணக்குப் பார்க்கிறோம். இங்கே அந்தக் கணக்கு பெரிதாகச் செல்லாது. ஒரு கையைத் தூக்கினால் தோள் காதை நோக்கி ஏறுகிறதா, மூச்சு நின்றுபோகிறதா, தேவையே இல்லாமல் பல்லைக் கடிக்கிறோமா என்று பார்ப்பதே பயிற்சியில் பாதி. (எடை தூக்குவதையும் இப்படிச் செய்யலாம். நல்ல பளுதூக்கும் வீரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.)

யோகாவில் பெரும்பாலும் ஒரு நிலைக்குப் போய் அதில் தங்கிப் பழகுகிறோம். பிலாட்டீஸில் நடு உடம்பை ஆடாமல் வைத்துக்கொண்டு கை கால்களை இயக்குகிறோம். தை சியில் உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றிக்கொண்டே போகிறோம், எங்கும் நிற்பதில்லை. ஃபெல்டன்கிரைஸில் அநேகமாகப் படுத்துக்கொண்டே மிகச் சின்ன அசைவுகள். வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லோரும் தூங்குகிறார்கள் என்றுதான் தோன்றும். அலெக்சாண்டர் டெக்னிக்கை உடற்பயிற்சி என்று சொன்னால் அதன் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாற்காலியில் உட்கார்வது, எழுவது, நடப்பது, பேசுவது என்று நாம் அன்றாடம் செய்பவற்றையே வேறு விதமாகச் செய்யக் கற்றுத்தருவது அது.

இவற்றையெல்லாம் உருவாக்கியவர்கள் யார்? பெரிய விளையாட்டு வீரர்களா?

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். பார்த்தால் பெரும்பாலும் நோஞ்சான்கள், இல்லையென்றால் எங்கேயோ அடிபட்டவர்கள்.

ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ். உடம்பைத் தேற்றுகிறேன் என்று ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என ஒன்றையும் விடவில்லை. முதல் உலகப்போர் சமயத்தில் இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். அங்கே நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே பயிற்சி செய்ய வைத்தார் என்பது பிலாட்டீஸ் வகுப்புகளில் வழிவழியாகச் சொல்லும் கதை. இன்றைய ரிஃபார்மர் மெஷினைப் பார்த்தால் கதையை நம்பத்தான் தோன்றுகிறது: நகரும் கட்டிலும் ஸ்பிரிங்கும்தான் அது. 1926-ல் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் திறந்தார். நடனக் கலைஞர்கள் அடிபட்டால் அவரிடம் ஓடுவார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. அவர் பெயரே அதற்குப் பெயராக நிலைத்தது பிறகுதான்.

மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இயற்பியல்காரர், ஜூடோவில் கருப்புப் பட்டை வாங்கியவர். கால்பந்தில் முழங்கால் போனது. அறுவை சிகிச்சையை நம்பிப் போகாமல், தான் எப்படி நடக்கிறோம் என்பதையே சோதனைச்சாலை வேலை மாதிரி ஆராயத் தொடங்கினார். பி.கே.எஸ். ஐயங்கார் 1918-ல் பிறந்தார். இன்ஃப்ளூயன்சா, மலேரியா, காசநோய் என்று வரிசையாக வந்து படுத்திய பிள்ளை. மைசூரில் அரண்மனை ஆதரவில் யோகா கற்பித்துவந்த தன் அக்கா கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாவற்றையும் யோகா வகுப்புக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். வளையாத உடம்பின் கஷ்டம் தெரிந்தவருக்குத்தானே அது தோன்றும்!

தை சி மட்டும் தனிக் கதை. சீனத் தற்காப்புக் கலையாகக் குடும்பங்களுக்குள் வளர்ந்து, பிறகு ஊருக்கெல்லாம் பரவியது. இன்று பூங்காக்களில் பலரும் செய்யும் 24 அசைவு வடிவம், பொதுமக்களுக்காகச் சீன விளையாட்டுத் துறை 1956-ல் சுருக்கித் தந்தது.

‘உடம்பைக் கவனி’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். என் உடம்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

முக்கால்வாசி தெரியும், மீதி தெரியாது. தெரியாத அந்தக் கால்வாசியில்தான் விஷயமே இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறது. தசை, தசைநாண், மூட்டு எல்லாவற்றிலும் இருக்கும் உணரிகள் ‘இவ்வளவு நீண்டிருக்கிறேன், இவ்வளவு இழுபடுகிறேன்’ என்று ஓயாமல் மூளைக்குத் தகவல் அனுப்புவதால் அது நடக்கிறது. இந்த உணர்வுக்கு 1906-ல் ‘புரோப்ரியோசெப்ஷன்’ என்ற பெயரைத் தந்தவர் சார்ல்ஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். சிக்கல் என்னவென்றால், நாள்தோறும் ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே தோளில் பையை மாட்டி, ஒரே பக்கம் சாய்ந்து பழகிவிட்டால், அந்தக் கோணல்தான் நேர் என்று மூளை எடுத்துக்கொள்ளும்.

எஃப். எம். அலெக்சாண்டர் கண்டுபிடித்தது இதைத்தான். 1869-ல் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் கவிதை ஒப்பிப்பது தொழில். மேடையேறினால் குரல் கம்மிப்போகும். ஓய்வெடுத்தால் சரியாகும், மறுபடி ஏறினால் மறுபடி போகும். அப்படியானால் பேசும்போது நானேதான் என்னவோ செய்துகொள்கிறேன் என்று முடிவுகட்டிக் கண்ணாடி முன்னால் நின்றார். வாயைத் திறக்கும் முன்பே தலையைப் பின்னால் இழுக்கிறார், தொண்டையை அமுக்குகிறார், மூச்சை ‘ஹக்’ என்று உள்ளே வாங்குகிறார். சரி, திருத்திவிடலாம் என்று தலையை முன்னால் கொண்டுபோனார். போய்விட்டது என்றே அவருக்குத் தோன்றியது. இரண்டு பக்கத்திலும் கண்ணாடி வைத்துப் பார்த்தால், தலை முன்னைவிடப் பின்னால் போயிருக்கிறது!

என் வகுப்பில் இது வாரம் தவறாமல் நடக்கும். “முதுகை நேராக வையுங்கள்” என்பேன். “நேராகத்தான் இருக்கிறேன்” என்பார். போட்டோ எடுத்துக் காட்டினால் “இது நானா?” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குள் இருக்கும் மட்டப்பலகை சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நானே சோதித்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா?

உண்டு, இரண்டே நிமிடம். நாற்காலியில் உட்காருங்கள். தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள், சிரமப்படாமல் எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான். சுவரில் எந்த இடம் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு நடுவுக்கு வாருங்கள். இப்போது தலை வலப்பக்கம் போகும்போது கண் மட்டும் இடப்பக்கம் போகட்டும். முதலில் குழம்பும். சின்னதாக, மெதுவாக ஐந்தாறு முறை செய்துவிட்டு விட்டுவிடுங்கள். தலை சுற்றினால் அப்போதே நிறுத்திவிடலாம். கொஞ்சம் கண்ணை மூடி இருந்துவிட்டு, பழையபடி கண்ணும் தலையும் சேர்ந்தே வலப்பக்கம் போகட்டும்.

பெரும்பாலானவர்களுக்குக் குறித்த இடத்தைத் தாண்டிப் போகும். இது ஃபெல்டன்கிரைஸ் பாடங்களில் வரும் உத்தி. இந்த இரண்டு நிமிடத்தில் கழுத்துத் தசை நீளவும் இல்லை, பலப்படவும் இல்லை. கண்ணும் கழுத்தும் எப்போதும் சேர்ந்தே போகும் என்ற பழக்கத்தை மூளை கொஞ்சம் தளர்த்திக்கொண்டது.

எல்லாவற்றையும் இவ்வளவு மெதுவாகச் செய்ய வேண்டுமா? பொறுமை போகிறது.

கூச்சலுக்கு நடுவே கிசுகிசு காதில் விழாது. முழு பலத்தையும் போட்டு இழுக்கும்போது எந்தத் தசை வீணாக வேலை செய்கிறது என்பது தெரியாது. பலத்தைக் குறைத்தால்தான் சின்ன வித்தியாசம் பிடிபடும். கற்றுக்கொள்ளும்வரை மெதுவாகச் செய்யுங்கள். கற்றபின் வேகம் கூட்டலாம், எடையும் கூட்டலாம். மெதுவாகச் செய்வதையே புனிதமாக்கிவிடுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துவராது.

எனக்கு உடம்பு வளையவே வளையாது. யோகாவெல்லாம் எனக்குச் சரிப்படுமா?

குளிக்கத்தான் போகிறோம், அதற்கு முன்பே சுத்தமாக இருக்க வேண்டுமா என்ன? வாருங்கள்.

ஸ்ட்ரெட்ச் செய்தால் தசை நிஜமாகவே நீளமாகிறதா?

ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நம்பினேன். ரப்பரை இழுக்க இழுக்கத் தொய்வதைப்போலத் தசையும் தொய்யும் என்று நினைத்திருந்தேன். குனிந்து கால்விரலைத் தொட முயலும்போது ஓர் இடத்தில் ‘இதற்கு மேல் முடியாது’ என்று நிற்கிறதே, அது தசை தீர்ந்துபோன இடம் என்று நினைப்பு.

நிறையப் பேருக்கு அது மூளை போடும் தடை. பழக்கமில்லாத நீளத்துக்குத் தசை போகும்போது ஆபத்தோ என்று நரம்பு மண்டலம் தசையை இறுக்குகிறது, வலியையும் காட்டுகிறது. சில வாரம் ஸ்ட்ரெட்ச் செய்தபின் கூடுதலாகக் குனிய முடிவது, தசையின் அமைப்பு மாறியதால் என்பதைவிட, இழுவையைத் தாங்கும் உணர்வு மாறியதால்தான் என்று 2010-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு வாதிட்டது. சில வாரப் பயிற்சிகளைப் பொறுத்தவரை இன்று பலரும் ஏற்கும் விளக்கம் இதுதான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் செய்தால் திசுக்களும் மாறக்கூடும், இல்லை என்று சொல்லவில்லை.

இது தெரிந்தபின் செய்முறையே மாறிவிடும். அடம்பிடித்து இழுத்தால் மூளை இன்னும் பயப்படும். மூச்சு சீராக ஓடும் அளவுக்கு மட்டும் போய் அங்கே தங்கினால் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று அது மெல்ல விட்டுக்கொடுக்கும். இன்னொரு நல்ல வழி, இழுபடும் தசையையே வேலை செய்ய வைப்பது. மல்லாந்து படுத்து ஒரு காலை நேராக மேலே தூக்கி, பாதத்தில் துண்டை மாட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். காலால் துண்டைக் கீழ்நோக்கி 6 விநாடி அழுத்துங்கள், பிறகு விடுங்கள். கால் தானாக இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வரும். பிசியோதெரபிஸ்டுகள் 1940-களிலிருந்து இந்த வகைப் பயிற்சிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

எந்தப் பயிற்சியாலும் மாறாத ஒன்று எலும்பின் வடிவம். இடுப்புக் குழி ஒருவருக்கு ஆழமாக இருக்கும், இன்னொருவருக்கு வேறு பக்கம் பார்த்திருக்கும். பத்மாசனம் வராதவர்களில் பலருக்குக் குறை முயற்சியில் இல்லை, குழியில். அவர்கள் விடாப்பிடியாகக் காலை மடக்கினால் திரும்பாத இடுப்புக்குப் பதிலாக முழங்கால் திருகிக்கொள்ளும். எப்படிக் கண்டுபிடிப்பது? மடங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இழுத்தால் அது தசை. மடங்கும் பக்கத்திலேயே ‘டக்’ என்று முட்டினால் அநேகமாக எலும்பு. முட்டும் இடத்தில் தள்ளாதீர்கள்.

ஒரு ஸ்ட்ரெட்ச்சை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்?

30 விநாடி. பின்தொடைத் தசையில் 30 விநாடிக்கும் 60 விநாடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1994-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். ஓடவோ எடை தூக்கவோ போகும் முன்னால் மட்டும் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்காதீர்கள். கொஞ்ச நேரத்துக்கு அதன் பலம் லேசாகக் குறையும்.

இது மட்டும் செய்தால் உடம்புக்கு வலு வருமா?

முதல் இரண்டு மாதம் ஆச்சரியப்படும் அளவுக்கு வரும். எந்தப் புதுப் பயிற்சியிலும் அப்படித்தான். அந்தச் சமயத்தில் தசை பருக்கிறதைவிட, இருக்கும் தசையைச் சேர்த்து வேலை வாங்க மூளை கற்றுக்கொள்வதே அதிகம். அப்புறம் ஓர் இடத்தில் நின்றுபோகும். உங்கள் உடம்பின் எடை மாறப்போவதில்லை, தசைக்கோ வளர வேண்டுமென்றால் சுமை கூடிக்கொண்டே போக வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு, வகுப்புகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. பாயில் செய்யும் பயிற்சிகளில் தள்ளும் வேலை ஏராளம், இழுக்கும் வேலை அநேகமாக இல்லை. சதுரங்க தண்டாசனம், பிளாங்க், கீழ்நோக்கிய நாய் நிலை எல்லாமே தரையைத் தள்ளுவதுதான். தரையைப் பிடித்து இழுக்க முடியாதே! வருடக்கணக்கில் யோகா மட்டும் செய்தவர்களில் ஒரு தடவை கூடக் கம்பியில் தொங்கி எழ முடியாதவர்கள் நிறைய, நானும் அதில் ஒருத்தனாக இருந்தேன். ரிஃபார்மரில் கயிறும் ஸ்பிரிங்கும் இருப்பதால் இந்தக் குறை கொஞ்சம் தீர்கிறது.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் குறைந்தது 2 நாள் முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. மெதுவான யோகா வகுப்பு இந்த இரண்டில் எதையுமே முழுசாக நிரப்பாது. எலும்பு வலுவுக்கும் நல்ல சுமை தேவை. என் யோசனை: வாரம் 2 நாள் எடையோடு உட்கார்ந்து எழுவது, எடையை உடம்பை நோக்கி இழுப்பது, இரண்டு கையிலும் சுமை தூக்கி நடப்பது. பாயில் கற்ற கவனத்தை அங்கேயும் கொண்டுபோங்கள்.

‘கோர்’ என்றால் வயிற்றுத் தசைதானே? தொப்புளை உள்ளே இழுத்து வைத்தால் போதுமா?

கோர் என்பதை ஒரு டப்பாவாக நினைத்துக்கொள்ளுங்கள். மூடி, உதரவிதானம். அடி, இடுப்புத்தளத் தசைகள். சுற்றி அடிவயிற்றை பெல்ட் மாதிரி கட்டியிருக்கும் ஆழ்ந்த வயிற்றுத் தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகள். சிக்ஸ் பேக் என்று காட்டுவது இதற்கெல்லாம் வெளியே இருக்கும் தசை.

‘தொப்புளை இழு’ என்ற கட்டளை பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1996-ல் ஒன்றைக் கவனித்தார்கள். கையைச் சட்டென்று தூக்கும்போது, முதுகுவலி இல்லாதவர்களுக்கு அந்த ஆழ்ந்த வயிற்றுத் தசை கைக்கு முன்பே தயாராகிவிடுகிறது, முதுகுவலிக்காரர்களுக்குத் தாமதமாகிறது. உடனே உலகமே அந்த ஒரு தசையைத் தனியாகப் பிடித்து இறுக்க ஆரம்பித்தது. பிறகு வந்த ஆய்வுகளில், அந்தத் தசைக்கென்று தனிப் பயிற்சி செய்தவர்கள் மற்ற பயிற்சிகள் செய்தவர்களைவிடப் பெரிதாக முன்னேறிவிடவில்லை. கற்றுக்கொள்ளும் நேரத்தில் ‘இங்கே ஒரு தசை இருக்கிறது’ என்று அறிமுகம் செய்ய அந்தக் கட்டளை உதவும். நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டே திரிந்தால் மூச்சுத்தான் மேலோட்டமாகும்.

மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது?

பிலாட்டீஸில் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி இழுக்கச் சொல்வார்கள், யோகாவில் பல இடங்களில் வயிறு எழும்பும்படி, அலெக்சாண்டர் ஆசிரியர் “ஒன்றும் செய்யாதீர்கள், அது பாட்டுக்குப் போகட்டும்” என்பார். மூன்று வகுப்புக்கும் போனவருக்குத் தலை கிறுகிறுக்கும். குழப்பமாக இருந்தால் சிரமமான பகுதியில் மூச்சை விடுங்கள், போதும். தம் கட்டினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மனம் அடங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கில் மெதுவாக்கிப் பாருங்கள்.

முதுகுவலி போகுமா?

குறையலாம். அற்புதம் எதிர்பார்க்காதீர்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2015-ல் பிலாட்டீஸ் பற்றிய 10 சோதனைகளை, மொத்தம் 510 பேர், ஆராய்ந்தது. சும்மா இருப்பதைவிடவோ பெயருக்கு ஏதோ செய்வதைவிடவோ பிலாட்டீஸ் வலியைக் குறைக்கிறது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று முடித்தது. யோகாவுக்கு அதே அமைப்பின் 2022 தொகுப்பில் 21 சோதனைகள், 2223 பேர். அதிலும் இதே சாயல்தான். பயிற்சியே செய்யாதவர்களைவிடச் சின்ன முன்னேற்றம், மற்ற முதுகுப் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அநேகமாக இல்லை. அலெக்சாண்டர் டெக்னிக்குக்கு 2008-ல் பிரிட்டனில் 579 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 24 தனிப் பாடங்கள் எடுத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் வலி நாட்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அந்தச் சோதனை எனக்கு ஆச்சரியம்தான், ஆனால் ஆளுக்கு 24 தனிப் பாடம் என்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எது உங்களுக்குப் பிடித்து விடாமல் செய்வீர்களோ அதைச் செய்யுங்கள் என்பதுதான். ஆனால் வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ பாயைச் சுருட்டிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அடிபட்டபின் வரும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு சேர்ந்து வரும் வலி ஆகியவற்றையும் முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

அறுபது எழுபது வயதானவர்கள் எதில் தொடங்கலாம்?

தை சியைத்தான் முதலில் சொல்வேன். இந்த வயதில் பெரிய பயம் கீழே விழுவது. எடையைக் காலுக்குக் கால் மாற்றிக்கொண்டே இருப்பது தை சியின் உயிர்நாடி. பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேரிடம் 24 வாரம் செய்து பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தை சி குழுவின் நிலைதடுமாறாத் தன்மை, வலுவூட்டும் பயிற்சி செய்த குழு, ஸ்ட்ரெட்ச் செய்த குழு இரண்டையும்விட மேம்பட்டிருந்தது. வெறும் ஸ்ட்ரெட்ச் செய்தவர்களைவிட விழுவதும் குறைந்தது. 65 தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது நிலைத்தன்மைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. சுவர்ப் பக்கமாக நின்று, ஒரு விரல் சுவரில் பட, ஒற்றைக் காலில் நிற்பதும் கணக்கில் சேர்த்திதான்.

யாரெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் உருளும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். பிலாட்டீஸ் மேட் வகுப்பில் அது நிறைய வரும், அதனால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முதுகெலும்பின் முன்பகுதி நசுங்கி உடையும் ஆபத்து உண்டு. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை கீழாக வரும் நிலைகளில் தங்க வேண்டாம். சிரசாசனம் மட்டுமில்லை, கீழ்நோக்கிய நாய் நிலையிலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் இருந்தாலும் இதே எச்சரிக்கை. கர்ப்பிணிகள் கர்ப்ப காலத்தில் பாதியைத் தாண்டியபின் நெடுநேரம் மல்லாந்து படுப்பது நல்லதல்ல, மற்றதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் எந்தக் கோணம் கூடாது என்று அறுவை செய்தவரிடமே கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

என் உடம்பு ரப்பர் மாதிரி வளையும். எனக்கு இது சுலபம்தானே?

உங்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, சுண்டுவிரல் பின்னால் 90 டிகிரிக்கு மேல் போகிறதா, முழங்கையும் முழங்காலும் எதிர்ப்பக்கம் வளைகின்றனவா, காலை மடக்காமல் உள்ளங்கை முழுக்கத் தரையில் படுகிறதா என்று பார்த்து 9 மதிப்பெண்ணுக்குக் கணக்குப் போடும் பெய்ட்டன் அளவுகோல் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு 5-ம் அதற்கு மேலும் வந்தால் மூட்டுகள் மிகையாகத் தளர்ந்தவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை வகுப்பில் எல்லோரும் கைதட்டிப் பாராட்டுவார்கள். அவர்களோ தசையில் நிற்காமல் மூட்டின் ஓரத்தில் போய்த் தொங்கிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போகக்கூடிய தூரத்தில் முக்கால்வாசியில் நின்று, அங்கே வலுவைக் கூட்டுங்கள். பிலாட்டீஸும் எடையும் உங்களுக்குப் பொருந்தும்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா?

மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை முழுக்கப் பரவலாக வலித்து மூன்று நாளில் போய்விட்டால் அது புதுப் பயிற்சியின் வலி, பயமில்லை. மூட்டுக்குள் குத்தினாலோ, ஒரே புள்ளியில் வலித்தாலோ, கீழே ஓடினாலோ, மரத்தாலோ நிறுத்துங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். மூன்றாவது வருடம், குனிந்து நெற்றியை முழங்காலில் வைத்தே தீருவது என்று வெறி. ஒரு ஆசிரியர் வேறு முதுகில் கை வைத்து அமுக்கினார். உட்காரும் எலும்பில், பின்தொடைத் தசைநாண் ஒட்டும் இடத்தில், பட்டாணி அளவில் ஒரு வலி. ‘திறந்துகொள்கிறது’ என்றார் அவர். நானும் நம்பி இன்னும் இழுத்தேன். அந்தத் தசைநாண் இழுக்க இழுக்க மோசமாகும் வகை என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்தது. இழுப்பதை விட்டுவிட்டு மெல்ல மெல்ல எடை ஏற்றியதில்தான் சரியானது. அதற்குள் 8 மாதம் நாற்காலியில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தேன்.

உடம்பைக் கவனிக்கச் சொன்னால் எனக்குப் பதற்றம்தான் கூடுகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை. சிலருக்கு, முக்கியமாகப் பதற்ற நோயோ பழைய அதிர்ச்சியோ இருப்பவர்களுக்கு, உள்ளே கவனித்தால் நெஞ்சுத் துடிப்பு மட்டுமே பெரிதாகக் கேட்கும். கண்ணைத் திறந்தே வையுங்கள். நெஞ்சை விட்டுவிட்டுப் பாதம் தரையில் படும் இடத்தைக் கவனியுங்கள். நின்று நகர்ந்து செய்யும் தை சி பலருக்குச் சவாசனத்தைவிட இதமாக இருக்கிறது.

எடை குறையுமா?

இதனால் மட்டும் குறையாது. சாதாரண ஹட யோகா வகுப்புக்கு மெதுவான நடைக்கு ஆகும் சக்திதான் ஆகும்.

நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சான்றிதழை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ‘பிலாட்டீஸ்’ பொதுப்பெயர்தான், யாருடைய வணிக முத்திரையும் அல்ல என்று 2000-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. அதனால் அங்கே வாரக்கடைசியில் படித்தவரும் பிலாட்டீஸ் ஆசிரியர்தான், இரண்டு வருடம் படித்தவரும் பிலாட்டீஸ் ஆசிரியர்தான். யோகாவில் 200 மணி நேரப் பயிற்சி பரவலான அளவு. ஃபெல்டன்கிரைஸுக்குச் சுமார் 800 மணி நேரம், அலெக்சாண்டருக்கு 3 வருடத்தில் 1600 மணி நேரம்.

நான் வேறு சிலவற்றைப் பார்ப்பேன். முதல் நாளே அடிபட்டது, ஆபரேஷன், மருந்து பற்றிக் கேட்கிறாரா? தொடும் முன் அனுமதி கேட்கிறாரா? உங்களால் முடியாததற்கு மாற்று வைத்திருக்கிறாரா, இல்லை “முயற்சி போதாது” என்கிறாரா? “எனக்குத் தெரியவில்லை, பிசியோவைப் பாருங்கள்” என்று அவர் வாயிலிருந்து வந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமா?

பழகியவர்களுக்குச் சரி. புதியவர்களுக்கு அலெக்சாண்டரின் கதையை நினைவுபடுத்துகிறேன்: திருத்திவிட்டேன் என்று நினைத்தவரின் தலை இன்னும் பின்னால் போயிருந்தது. நாலைந்து வகுப்பாவது நேரில் போய்விட்டு அப்புறம் வீடியோவுக்கு வாருங்கள். ஃபெல்டன்கிரைஸ் பாடங்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஆசிரியர் செய்து காட்டுவதே இல்லை, வாயால் சொல்வதுதான். ஒலிப்பதிவு போதும்.

சரி, முதல் மாதம் என்னதான் செய்வது?

வாரம் 4 நாள், தடவைக்கு 20 நிமிடம். முதலில் 5 நிமிடம் சும்மா மல்லாந்து படுங்கள். எந்தக் குதிகால் அதிகம் அழுத்துகிறது, இடுப்புக்குக் கீழே இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். அடுத்து முழங்காலை மடக்கி இடுப்பை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்ப்பது, அதிலிருந்தே பாலம் மாதிரி இடுப்பைத் தூக்குவது. நாலு காலில் நின்று பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது, பிறகு எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. நீட்டும்போது முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்கு ஆடாமல் இருக்க வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுவது. கடைசியாக ஒற்றைக் காலில் நிற்பது. முடிந்ததும் மறுபடி ஒரு நிமிடம் படுத்து, தொடங்கும்போது இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். பலரும் இந்த ஒரு நிமிடத்தைத்தான் விட்டுவிடுவார்கள்.

முதல் நாள் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம், நடுவில் பார்க்காதீர்கள்.

எந்தப் பாய் வாங்குவது?

வழுக்காதது. நின்று செய்வதுதான் அதிகம் என்றால் மெல்லியது, உருளுவதுதான் அதிகம் என்றால் தடித்தது. தடித்த பாயில் ஒற்றைக் காலில் நின்றால் ஆடும். முழங்கால் வலித்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸைக் கழற்றிவிடுங்கள்.